அழியாத வரி

பம்புக் கம்பெனியின் உதவிக் கையேட்டை, ஊழியர்கள் எல்லோரும் திருத்தக்கூடிய விக்கியாக மாற்றியிருந்தார் பீளமேடு முதலாளி தேவானந்தம்.

"'சுவிட்சைப் போட்டபின் பம்பில் தண்ணீர் ஊற்றவும்'னு இருக்குது. மோட்டார் புகைஞ்சு போயிருமே! ஏனம்மணி, யாரும் அழிக்கலையா?"

"கீழ பாருங்க, இருவது பேரு எழுதியிருக்கறாங்க," என்றாள் சர்வீஸ் பிரிவுச் செவ்வந்தி.

இருபதும் ஒரே மாதிரி: 'சரிதானுங்க. ஆனா தண்ணிய மொதல்ல ஊத்துனா இன்னும் நல்லாருக்குமுங்க.'

"தப்புன்னா அழிக்க வேண்டியதுதானே?"

"எழுதுனவங்க யாருன்னு பாத்தா..."

"எவனா இருந்தா என்ன!"

அவள் போனதும், எழுதியது யாரென்று பார்த்தார். பிறகு பெயர் பதியாமல், சத்தமில்லாமல் அவரே அழித்தார்.

ஐந்தே நிமிடத்தில் அந்த வரி திரும்ப வந்திருந்தது. பக்கத்தில் செவ்வந்தியின் குறிப்பு:

"மொதலாளி எழுதுனத எவனோ வெவரங்கெட்டவன் அழிச்சுப்போட்டானுங்க. திரும்ப வெச்சுட்டேனுங்க."