குப்பம்மாவின் கடைசி ஆசை

குப்பம்மா சாகப் போகிறாள் என்று காசிமேட்டில் அவள் தெருவே நம்பியது. குப்பம்மா மட்டும் நம்பவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல், பார்க்க வருகிறவர்கள் கொண்டு வருவதையெல்லாம் ஒன்பது நாளாக வக்கணையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மா, உனக்கே இது நல்லா கீதா?" மகள் மகிழினி பொறுக்க முடியாமல் கேட்டாள். "டாக்டர் சொன்னதை எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்மா."

"இருடி. நாளைக்கு புஷ்பா நண்டு செஞ்சு எடுத்தாறேன்னு சொல்லிக்கீறா."

மகிழினி தலையில் அடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். குப்பம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அடுத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டுமா என்று தெரியவேண்டும். டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியில் அவள் பேரைச் சேர்த்து, கட்டியின் துணுக்கு ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்பினார். கட்டிக்குள் எந்த ஜீன் மும்முரமாக வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்த்து, நோய் உடம்பில் பரவுமா என்று கணிக்கிற டெஸ்ட். 2008-ல் அது இங்கே ரொம்பப் புதுசு.

ரிசல்ட் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கடைசியில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "இது பரவுறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. மருந்து ஏத்தவே வேணாம். தினம் ஒரு மாத்திரை போதும். வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடுங்க."

குப்பம்மாவின் புருஷன் துரைக்கு சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆட்டோவை விட்டு இறங்கும்போதும் அழுகை நிற்கவில்லை. தெருவே கூடிவிட்டது.

"மருந்து ஏத்த வாணான்ட்டாங்க... வூட்டுக்கு இட்டுகினு போய் நல்லா துன்னக் குடுன்னு சொல்ட்டாங்க..."

அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. தெருவுக்கு அதுவே போதும். மருந்து வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போ என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? கையை விரித்துவிட்டார்கள்!

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு புஷ்பவல்லி வந்து நின்றாள். அவளும் மீன் விற்கிறவள்தான். ஏலத்தில் ஒரு கூடை வஞ்சிரத்துக்கு மோதிக்கொண்டதிலிருந்து, ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"குப்பு... என்ன மன்னிச்சிடு குப்பு!" என்று கட்டிக்கொண்டு கதறினாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தான் துரை. குப்பம்மா முறைத்த முறையில் கப்சிப்பென்று வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து தினமும் ஒரு தூக்குச்சட்டி வந்தது. ஒரு நாள் சுறாப்புட்டு, ஒரு நாள் இறால் தொக்கு. "உப்பு ஒரு கல்லு தூக்கலா கீது புஷ்பா" என்று குறை வேறு சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள் குப்பம்மா.

நண்டு வந்த நாளில், ஓட்டை உடைத்து சதையை எடுத்து ஊட்டியே விட்டாள் புஷ்பவல்லி. மகிழினிக்கு அதைப் பார்க்கவே கூசியது.

"புஷ்பா, எனக்கு ஒரு கடைசி ஆசை."

"கேளு குப்பு. உசுரையே தர்றேன்."

"அத்த நீயே வெச்சுக்கோ. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

புஷ்பவல்லியின் முகம் மாறிவிட்டது. "அந்த வாடையே எனக்கு ஆவாதே. வேற எதுனா கேளேன்."

"வேற ஒண்ணும் வாணாம். கையில அடிச்சு சத்தியம் பண்ணு."

சாகப் போகிறவள் கேட்கிறாளே! புஷ்பவல்லி அரை மனசாகக் கையில் அடித்தாள்.

அவள் போனதும் மகிழினி வெடித்தாள். "துன்னதும் இல்லாம அத்த அலையவும் வுடறியா? விஷயம் தெரிஞ்சா நம்ம மூஞ்சில காறித் துப்பும்!"

"துப்பட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள் குப்பம்மா.

மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குப்பம்மாவே போய் சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்தாள். புஷ்பவல்லி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத குப்பு, நான் கீறேன்."

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "புஷ்பவல்லி! யாரும்மா இங்க புஷ்பவல்லி?"

புஷ்பவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் பேரை ஏன் கூப்புடுது?"

"நான்தான் குடுத்தேன். எனக்கு ஒண்ணும் இல்லடி. நோய் பரவாது, மாத்திரையே போதும்னு அன்னிக்கே சொல்ட்டாங்க. இன்னும் முப்பது வருஷம் உன்கூட சண்ட போடுவேன்."

"அடிப்பாவி! பத்து நாளா நான் அழுவாத அழுகையா?" புஷ்பவல்லி போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. மகிழினிக்கு அவமானத்தில் தலை கவிழ்ந்தது.

குப்பம்மா பிடித்த கையை விடவில்லை. அவள் காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள்.

"ஆறு வருஷமா பேசலைன்னா, பார்க்காமயா இருந்தேன்? நாலு மாசமா நீ செவுத்துப் பக்கம் திரும்பி நின்னுகினு, மார்ல கையை வெச்சு வெச்சு தடவிப் பார்க்கிற. நல்லா கீறவளா நான் கூப்பிட்டா வந்திருப்பியா? செவுளைத் தூக்கிப் பார்த்தாத்தான் மீனு எப்டின்னு தெரியும். எழுந்து உள்ள போடி!"