எலிப்பொறியின் கமென்ட்

"அண்ணே, அந்த போனைக் கொஞ்சம் கீழ வச்சா ரெண்டு கையும் வேலைக்கு வரும்ல?"

நூலகர் குரலை உயர்த்தியதும் அலமாரி அண்ணன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி வந்த புத்தகங்களை இடம் பார்த்து அடுக்குவது அவர் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டு போனார்.

நூலகரான அவளுக்கு அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். எல்லாம் அந்த எலிப்பொறியால் வந்தது.

போன மாதம் நூலகக் குழுத் தலைவர் வந்து, காலியாகக் கிடந்த நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சாயங்காலம் ஈ காக்கா இல்லையேம்மா. அஞ்சு மணிக்கே பூட்டிடலாம்."

"வேலைக்குப் போறவங்க அஞ்சு மணிக்கு மேலதான் சார் வர முடியும். ஒரு மாசம் கொடுங்க. ஃபேஸ்புக்ல நம்ம நூலகத்துக்கு ஒரு பக்கம் தொடங்கி, ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டறேன்."

வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே தவிர, பன்னிரண்டு நாள் மாங்கு மாங்கென்று எழுதியும் விழுந்தது ஒரே ஒரு லைக். அதுவும் அவளே கை தவறிப் போட்டது.

பதின்மூன்றாம் நாள், 'புதிதாக நாற்பது நாவல்கள் வந்திருக்கின்றன' என்று எழுதினாள். கீழே முதல் கமென்ட். போட்ட ஆளின் பெயர் எலிப்பொறி. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு எலிப்பொறிதான்.

'நாற்பது நாவலா? படிக்க நாலு பேர் இருக்காங்களா?'

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு நர்ஸம்மா உள்ளே புகுந்தார். 'நான் இருக்கேன். நீ யாருப்பா கேக்கறதுக்கு?'

'நானும் இருக்கேன்' என்றார் ஒரு பஸ் டிரைவர்.

மறுநாள் குழந்தைகள் பகுதியைப் படம் எடுத்துப் போட்டாள். 'வாண்டுங்க போடற கூச்சல்ல அங்க எவன் உட்காருவான்?' என்றது எலிப்பொறி. அவ்வளவுதான், அம்மாக்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். புத்தகமும் கையுமாகத் தங்கள் பிள்ளைகளின் படங்களை வரிசையாகப் போட்டுத் தள்ளினார்கள்.

சண்டை பார்க்க வந்தவர்கள் நூலகப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே போனார்கள். ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. இரவு பகல் பார்க்காமல் உழைப்பது ஒருத்தி, உட்கார்ந்த இடத்தில் நக்கலடிப்பது ஒருத்தனா?

கடைசியாக, துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதினாள்.

'முதல் பத்துப் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு சொல்லிடுவேன். இதெல்லாம் ஒரு கதையா?' என்று வந்தது எலிப்பொறி.

ஒரு தையல்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 'சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நூலகத்துக்கு வா. நான் ஒரு புத்தகம் தர்றேன். எல்லார் முன்னாலயும் சொல்லு பார்ப்போம்.'

சனிக்கிழமை ஆறு மணிக்குள் எழுபது பேர் கூடிவிட்டார்கள். அலமாரி அண்ணன் வியர்க்க வியர்க்க நாற்காலி சுமந்தார். எலிப்பொறி மட்டும் வரவில்லை.

வந்தவர்கள் சும்மா கலைந்து போவார்களா? தையல்காரர் தன் புத்தகத்திலிருந்து பத்துப் பக்கம் வாசித்தார். கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நர்ஸம்மா சமையல்காரன் என்றார், டிரைவர் டாக்டர் என்றார். எட்டு மணி ஆகியும் யாருக்கும் எழுந்து போக மனமில்லை. குழுத் தலைவரே ஒரு துப்பறியும் நாவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சாயங்காலம் திறந்தே இருக்கட்டும்மா" என்றார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக எலிப்பொறிக்கு ஒரு முடிவு கட்ட உட்கார்ந்தாள். நூலகப் பக்கத்திலிருந்தே ஆளைத் தடை செய்துவிடலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விரலைக் கொண்டுபோனபோது எலிப்பொறியிடமிருந்தே பக்கத்துக்கு ஒரு தனிச்செய்தி வந்து விழுந்தது.

'மேடம், பல்லு வலி உயிர் போகுது. நாளைக்கு அரை நாள் லீவு வேணும். நாற்காலியெல்லாம் எண்ணி உள்ள வச்சாச்சு.'

படித்தாள். பெயரைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

எழுந்து போய் அலமாரிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். அலமாரி அண்ணன் வீங்கிய கன்னத்தோடு, கையிலிருந்த போனையே வெறித்தபடி நின்றிருந்தார். எந்தக் கணக்கிலிருந்து அனுப்பினோம் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"நீங்களா அண்ணே?"

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்." அவர் தலையைச் சொறிந்தார். "பன்னெண்டு நாளா நீங்க எழுதறதும், ஒருத்தரும் பார்க்கலன்னு டேபிள்ல தலையைக் கவுத்துக்கிட்டு உட்கார்றதுமா இருந்தீங்க. எனக்கே பொறுக்கல. அதான் நம்ம வீட்டை நானே திட்டினேன். ஊர்ல உள்ள சொந்தமெல்லாம் எழுந்து வந்துடுச்சு."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. தன் இடத்துக்குத் திரும்பி எலிப்பொறிக்குப் பதில் அடித்தாள்.

'லீவு சரி. பல்லைப் பார்த்துட்டு வாங்க. புதன்கிழமை கவிதைப் புத்தகம் வருது. நல்லா நாலு வார்த்தை திட்டணும்.'