கனகதாஸ் கோபுரம்

பாறசாலைக்குப் பக்கத்து மிஷன் கோயிலின் மணிக்கோபுரத்துக்கு ஊரில் இன்றைக்கும் 'கனகதாஸ் கோபுரம்' என்றுதான் பேர். தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டத்தின்போது போலீசின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவர் ஒளிந்திருந்த இடமாம்.

அன்றைக்கு அவர் மனைவி செல்லபாய் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு படியேறினாள்.

"போலீசு போயாச்சா?" கனகதாஸ் தொண்டைக்குள்ளேயே கேட்டார்.

"எங்க போவான்? நீங்களே பாருங்க."

ஜன்னல் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தார். கீழே மதிலோரம் ஒரு காக்கிச் சட்டையும் தொப்பியும் உலாத்திக்கொண்டிருந்தன.

"எட்டி, நாளைக்கு ஊர்வலம் உண்டு. முன்னால கொடி பிடிக்கியது நானாக்கும்!"

"தலை இருந்தாத்தானே கொடி பிடிக்க? போன ஊர்வலத்துல வாங்கின அடிக்கே இன்னும் எண்ணெய் தேய்க்கியேன். அனங்காம அசையாம இருந்து தின்னுங்க."

காலிப் பாத்திரத்தோடு இறங்கி வந்த செல்லபாயைக் காக்கிச் சட்டைக்காரன் வழிமறித்தான்.

"செல்லபாயி, நாகர்கோவில் பஸ்ஸுக்கு நேரமாச்சு. டிக்கெட் கொடுக்க ஆளில்லாம டிரைவர் ஆரன் அடிக்கியான்."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வந்து நில்லு அண்ணா. ஊர்வலம் முடிஞ்சதும் அவரை இறக்கிருவேன்."

கண்டக்டர் எலியா தங்கச்சிக்காகத் தலையை ஆட்டிவிட்டு, தொப்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினான்.

மேலிருந்து கனகதாஸின் குரல் கணீரென்று வந்தது. "எட்டி, நான் ஒண்ணு இருமினேன், போலீசு ஓடுறான் பாத்தியா!"

செல்லபாய் அண்ணாந்து பார்த்தாள்.

"அவன் இன்னும் பத்து பேரைக் கூட்டியாரப் போறான். தலையை உள்ள இழுங்க!"