மனசு விட்டுப் பேச ஒருத்தன்

வலி மாத்திரைக்கு அடிமையாகி, கும்பகோணத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருந்த ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மனசு விட்டுப் பேச யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார் ஆலோசகர் நஃபீசா.

மனைவியை இழந்த அச்சுதன் பெருமையோடு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"ஹரிசங்கர். தினம் வந்து பேசிட்டுப் போவான். நான் முதுகுவலியில துடிச்சதைப் பார்த்துட்டு மாத்திரைகூடச் சும்மாவே கொடுத்தான். 'உங்களை விட்டா எனக்கு யாருண்ணே'ம்பான்."

எட்டிப் பார்த்த ஸ்ரீவித்யாவின் முகம் வெளுத்தது.

"சும்மா எத்தனை நாள் சார் கொடுத்தான்?"

"பத்து நாள். அப்புறம் காசுக்கு."

"எனக்கும் பத்து நாள்தான். 'உங்களை விட்டா எனக்கு யாருக்கா'ன்னான்."

மற்ற மூவரும் படத்தைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார்கள்.

அச்சுதன் அந்தச் சிரித்த முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தை அழித்தார்.

"மாத்திரையை விட்டுடறேன் மேடம்," என்றார். "இனிமே எங்கூட யாரு பேசுவா?"