பட்டனை அமுக்கிய பிறகு

திருவொற்றியூர் பொருட்காட்சியில் கொலம்பஸ் படகு ஆடுகிறது. அதன் காற்றில் எர்ணாவூர்க் காக்கைகள் காசிமேட்டில் போய் இறங்குகின்றன, எண்ணிவிட்டேன், பதினேழு. கடைசி வரிசையில் பச்சையம்மாவின் மடிமேல் இருந்த தடுப்புக்கம்பி கழன்றுவிட்டது. படகை ஓட்டும் அவள் புருஷன் வரதன் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டான். மோட்டார் அடங்குகிறது, பாட்டும் நிற்கிறது, படகுதான் நிற்கவில்லை. பட்டன் மோட்டாருக்குத்தான் கட்டுப்படும். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் பச்சையம்மா தூக்கி எறியப்படுவாள். அதனால் படகு கீழே வரும்போதெல்லாம் அடியிலுள்ள டயரை அதன் வயிற்றில் கொஞ்சமாகத் தேய்த்து விடுகிறான். ரப்பர் கருகி நாறுகிறது. முன் இருக்கையைக் கட்டிக்கொண்டு அவள் கீழே வருகிறாள். "யோவ்!" மேலே போய்விடுகிறாள். அடுத்த முறை, "கம்பி கயண்டுக்கிச்சுய்யா!" விளையாட்டென்று நினைத்துக் கூட்டம் விசிலடிக்கிறது. "புட்ச்சிக்கோமே, வுட்றாத!" என்று கத்திக்கொண்டே வரதன் மறுபடியும் டயரைத் தேய்க்கிறான். வீச்சு குறையக் குறைய அவள் வசவு நீள்கிறது. "வூட்ல சும்மா கெடந்தவள ஓசில ஏத்துறேன்னு இட்டாந்தியே, நீ நல்லாருப்பியா!" முழுசாகத் திட்டு வாங்கியதும்தான் வரதனுக்கு மூச்சு வருகிறது. படகு நின்றுவிட்டது. இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டலாம். பச்சையம்மா வாயைத் திறக்கிறாள். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது.