கடையை விட்ட பெருச்சாளி

சந்தைக்கு அடியில் அரிசி, பருப்பு வியாபாரம் செய்து செழிப்பாக இருந்தார் நயினார் என்ற பெருச்சாளி. ஒருநாள் கடையை மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு, "இனிமே கதையும் பாட்டும்தான் என் தொழில்" என்றார். மனைவி பேச்சி அன்றோடு அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

நயினார் ஒரு காதல் பாட்டை எழுதி, குளத்தின் பெரிய பாடகியான அம்புஜம் தவளையிடம் போய்ப் பாடிக் காட்டினார்.

"கண்ணே, உன் சிரிப்பு கல் பொறுக்கிய அரிசி!
உன் மனசு புழு விழாத பருப்பு!
உன்னைப்போல் வேறில்லை, இருப்பு ஒன்றுதான்!"

தவளை கண்ணை மூடிக் கேட்டது. "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இதைக் கேட்டா காதல் வரலை, பசிதான் வருது" என்றது.

நயினார் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்து, "நாளைக்கே கடைக்குப் போயிடறேன்" என்றார்.

"அப்படி என்னதான் எழுதினீங்க? பாடுங்க, கேப்போம்" என்று பேச்சி வாயைத் திறந்தாள்.

அவர் தயங்கித் தயங்கிப் பாடினார். பேச்சியின் மீசை நடுங்கியது, கண் கலங்கியது.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன். என்னை முதல் தரம்னு நீங்க ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே! கடையைத் தம்பி பாத்துக்கட்டும். நீங்க இன்னொரு தரம் பாடுங்க."