காலி வண்டிக்கு நாற்பது

கடைசி சிமெண்ட் மூட்டையும் இறங்கியதும் அவள் பின்சக்கரத்தின் அருகே குத்தவைத்து உட்கார்ந்தாள். வால்வு மூடியைத் திருகி எடுத்தாள். காற்றை இறக்கினாள்.

"ஏம்புள்ள, என்ன பண்ற?"

ரங்கப்பன். கணவனின் அண்ணன். பிக்கப் வண்டி அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்று கொல்லிமலைக்குக் கூடவே ஏறி வந்திருப்பது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல.

போன வாரம் அவள் காலி வண்டியோடு இறங்கும்போது, தூறலில், நாற்பத்தோராவது கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் வழுக்கித் தடுப்புச் சுவரில் உரசியது. அடிவாரத்து ஸ்டாண்டில் ஒரு வாரமாக அதே பேச்சு. பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தானாம். இவர்கள் யாரும் உரசியதே இல்லை பாருங்கள்!

இன்னொரு தடவை வழுக்கினால் ஸ்டாண்டிலேயே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ரங்கப்பன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

இன்றும் தூறுகிறது.

"டயர்ல காத்து அறுபத்தஞ்சு இருக்கோணும். பத்து வருசமா அதான் அளவு."

"லோடு இருந்தா அறுபத்தஞ்சு, மாமா. காலி வண்டிக்குப் பின்னால நாப்பது போதும்."

"எவன் சொன்னான்?"

அவள் எழுந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். கதவுச் சட்டத்தில் கம்பெனிக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர். பாரம் ஏற்றிய வண்டி ஒரு படம், காலி வண்டி ஒரு படம். பக்கத்தில் நம்பர்: ஒன்றுக்கு அறுபத்தைந்து, மற்றதற்கு நாற்பது. வண்டி வாங்கிய அன்று பூஜை போட்டு, அதன் மேலேயே எட்டுக்கை அம்மன் படத்தை ஒட்டியவர் சாட்சாத் ரங்கப்பன்தான். ஸ்டாண்டில் எல்லா வண்டியிலும் அந்த இடத்தில் ஒரு சாமி இருக்கிறது.

அவர் முகம் கறுத்தது.

"அம்மன எதுக்குப் புள்ள உரிச்ச?"

"முன்னால கண்ணாடிகிட்ட உக்கார வெச்சிருக்கறேன், மாமா. இனிமே ரோட்டப் பாத்துட்டு வரட்டும்."

அவர் ஏறி உட்கார்ந்து மேல் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காற்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். இரண்டு பின்சக்கரத்திலும் நாற்பது. கல்லாக இருந்த டயர் கொஞ்சம் அமுங்கித் தரையை அகலமாகப் பிடித்திருந்தது. கீழே போய் லோடு ஏற்றும் முன் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

கீழே இறங்க எழுபது வளைவு.

இல்லாத பிரேக்கை அவர் கால் மிதித்துக்கொண்டே வந்தது.

நாற்பத்தொன்று.

பொய் சொல்வானேன், அவளுக்குப் பயம்தான். இரண்டாம் கியர். திருப்பினாள்.

வண்டி குதிக்கவில்லை, வழுக்கவில்லை. பின்பக்கம் சொன்ன பேச்சு கேட்டு ஒழுங்காகப் பின்னாலேயே வந்தது.

அட!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன்னைத்தானே ஒரு தடவை மெச்சிக்கொண்டாள். அதற்கு யாரிடம் போய் அனுமதி கேட்க வேண்டும்?

முப்பதாவது வளைவில் அவர் கை கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

அடிவாரத்து ஸ்டாண்டில் ஆறேழு பேர் டீ கிளாசும் கையுமாக நின்றிருந்தார்கள். சாவி கைமாறுவதைப் பார்க்கத்தான். அவர்களில் ஒரு டிரைவர், மாதேஸ், எல்லாருக்கும் முன்னால் வந்து குரலை உயர்த்தினான்.

"என்னக்கா, சாவி..."

அவள் கண்ணாடியை இறக்கினாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசு தம்பி. மாமா தூங்கறாரு."